கோலமாவும் புல எண்ணும்: மக்களோடு சேர்ந்து நகரத்தைத் திட்டமிட வருகிறவர்களுக்கு

சென்னையில் எந்த ஆற்றங்கரைக் குடியிருப்புக்குள் போனாலும் இதைப் பார்ப்பீர்கள். கணக்கெடுக்க வந்திருக்கிறோம் என்று சொன்னதும் வீட்டுப் பெண் உள்ளே போவார். பீரோ மேலிருந்தோ அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்தோ ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்து வருவார். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பழைய கரண்ட் பில், பிள்ளையின் டி.சி. நகல், எந்த வருடமோ யாரோ ஒரு அதிகாரி கொடுத்துவிட்டுப் போன டோக்கன் சீட்டு. "இதுல என் பேரு சரியாத்தான் இருக்கு சார், டோர் நம்பர்தான் தப்பு. அத மட்டும் மாத்திக் குடுங்க." வெள்ளம் வந்தால் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது அந்தப் பையைத்தான்.

நான் நகரமைப்பு படித்தபோது நில உபயோக வரைபடத்துக்கு வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்தார்கள். குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா. அந்தப் பையைப் பற்றி ஒரு பாடமும் இல்லை. வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது: ஒரு குடும்பத்துக்கு நகரத்தில் இடம் உண்டா இல்லையா என்பது வரைபடத்துக்கு முன்னால் ஒரு பட்டியலில் முடிவாகிவிடுகிறது. பட்டியலில் பேர் இருந்தால் வீடு, இல்லாவிட்டால் இல்லை. அந்தப் பட்டியலை யார் எடுக்கிறார்கள், எந்த நேரத்தில் எடுக்கிறார்கள், யாரிடம் திரும்பக் காட்டுகிறார்கள் என்பதுதான் மக்கள் பங்கேற்புத் திட்டமிடலின் உயிர்.

கட்டடக்கலை, சிவில், புவியியல், சமூகப்பணி படித்துவிட்டு இந்த வேலைக்கு எப்படி வருவது என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். அவர்களுக்காக, நான் போய் வந்த வழியை வைத்து இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து. மதுரையிலோ கோவையிலோ இருக்கிறவர்களுக்கு ஊர்ப் பெயர் மாறும், வேலை மாறாது.

படிப்பு

இதில் அதிகம் குழம்ப வேண்டாம். பிளஸ் டூவில் கணக்கு படித்தவர்கள் பி.பிளான் என்ற நகரமைப்பு இளநிலைப் பட்டப்படிப்பில் சேரலாம். டெல்லி, போபால், விஜயவாடாவில் இருக்கும் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளுக்கு ஜே.இ.இ. மெயினில் தாள் 2-பி எழுத வேண்டும். ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கு எம்.பிளான் என்ற முதுநிலைப் படிப்பு. பி.ஆர்க்., சிவில் மட்டுமல்ல, புவியியல், பொருளாதாரம், சமூகவியலில் முதுகலை முடித்தவர்களையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி இருக்கிறது. கேட் தேர்வில் இதற்கென்றே கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் என்று ஒரு தாள் உண்டு. வெளியூர் போக முடிந்தால் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம், காரக்பூர் ஐ.ஐ.டி. பட்டம் வேண்டாம், ஒரு வருடம் நகரங்களைப் பற்றிப் படித்துப் பார்க்கிறேன் என்கிறவர்கள் பெங்களூருவில் மனிதக் குடியிருப்புகளைப் பற்றிக் கற்பிக்கும் ஐ.ஐ.ஹெச்.எஸ். பக்கம் பாருங்கள்.

எங்கே படித்தாலும் மூன்று கருவிகள் கைவசம் இருக்க வேண்டும். வரைபடத்துக்கு க்யூ.ஜி.ஐ.எஸ்., செல்போனில் கணக்கெடுக்க கோபோ டூல்பாக்ஸ், அடிப்படை வரைபடத்துக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். மூன்றுக்கும் காசு கிடையாது. கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். "இவங்க எல்லாம் போன வருஷம் வந்து குடியேறினவங்க" என்று ஒரு கூட்டத்தில் யாராவது சொல்லும்போது, பத்துப் பதினைந்து வருடம் முந்தைய படத்தில் அதே கூரைகளைக் காட்ட முடிந்தால் பேச்சு அங்கேயே திசை மாறும்.

சட்டத்தில் நாலு, ஆனால் நாலையும் கரைத்துக் குடியுங்கள்

முதலாவது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் மாஸ்டர் பிளானைப் போடும் அதிகாரமும், வரைவு வந்ததும் பொதுமக்கள் ஆட்சேபம் சொல்லும் உரிமையும் இதிலிருந்துதான் வருகின்றன. சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-இல் வந்தது, அதன் காலம் 2026 வரை. அடுத்தது 2027 முதல் 2046 வரைக்குமானது. இன்று இந்தத் துறைக்குள் வருகிறவர் தன் உத்தியோக காலம் முழுக்க அந்த மூன்றாவது பிளானோடுதான் வாழப் போகிறார்.

இரண்டாவது, அதே 1971-இல் வந்த குடிசைப் பகுதிகள் சட்டம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தச் சட்டம் மேம்பாட்டை முதலிலும் அகற்றுவதைப் பின்னாலும் வைத்தது. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், அங்கே இருக்கிறவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கும். நினைத்த மாத்திரத்தில் காலி செய்ய முடியாது. 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் இன்னும் 17. அதன் பிறகு அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. 1985-க்குப் பிறகு வளர்ந்த குடியிருப்புகள் எல்லாம் அறிவிக்கப்படாத குடியிருப்புகளாகவே நின்றுவிட்டன. ஒரே தெருவின் இந்தப் பக்கம் அறிவிக்கப்பட்டது, அந்தப் பக்கம் அறிவிக்கப்படாதது என்று இருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. புல்டோசர் வரும் நாளில்தான் தெரியும். ஆகவே எந்தப் பகுதிக்குப் போவதானாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இந்த இடம் 1971 பட்டியலில் இருக்கிறதா?

மூன்றாவது, நகர உள்ளாட்சிகளுக்கான 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். 1993-இல் நடைமுறைக்கு வந்தது. வார்டு குழு என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் 2022-இல் வந்தன. கிராம சபைக்கு இணையான ஒன்று நகரத்துக்குக் கிடைக்க அத்தனை காலம் ஆயிற்று. உங்கள் வார்டில் பகுதி சபை உறுப்பினர் யார் என்று தெரியுமா? தெரியாவிட்டால் இந்த வாரமே கண்டுபிடியுங்கள்.

நான்காவது, 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டம். தெருவோர வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். திட்டமிடும் குழுவில் சம்பந்தப்பட்டவர்களுக்கே இடம் எழுதிவைத்த சட்டம் நம் நாட்டில் அபூர்வம். நடைபாதைத் திட்டம் எதிலாவது வேலை கிடைத்தால், வரைவதற்கு முன் அந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள்.

இவற்றோடு 2005-இன் தகவல் உரிமைச் சட்டம் எப்போதும் பையில் இருக்கட்டும். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். நான் கேட்டதில் பாதிக்கு உருப்படியான பதில் வந்ததில்லை. வந்த பாதியே பல வேலைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

மண்ணின் ஜாதகம்

நம் கல்லூரிகள் கற்றுத்தராத, ஆனால் களத்தில் முதல் நாளே தேவைப்படும் கல்வி இது. எந்தக் குடியிருப்புக்கும் ஒரு புல எண், அதாவது சர்வே நம்பர், உண்டு. மாநில அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் புலப்படம், 'அ' பதிவேடு, நகர நில அளவைப் பதிவேடு எல்லாம் கிடைக்கும். அதில் அந்த நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். புறம்போக்கு என்று மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. எந்தப் புறம்போக்கு? நத்தமா, சர்க்கார் புறம்போக்கா, மேய்க்காலா, வண்டிப்பாதையா, ஓடையா, ஏரியா? நத்தம் என்பது ஊர்க் குடியிருப்புக்கான நிலம், அதில் பட்டா கேட்க வழி உண்டு. நீர்நிலை என்று பதிவாகியிருந்தால் வழி மிகக் குறுகல்; 2007-இன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் நீதிமன்ற உத்தரவுகளும் குறுக்கே நிற்கும்.

ஒரு குடியிருப்பு முழுவதையும் ஆற்றுப் புறம்போக்கு என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். புலப்படத்தை எடுத்துச் செயற்கைக்கோள் படத்தின் மேல் க்யூ.ஜி.ஐ.எஸ்.ஸில் வைத்துப் பாருங்கள். பல இடங்களில் கரையை ஒட்டிய இரண்டு வரிசை வீடுகள்தான் ஆற்று எல்லைக்குள் வரும், மீதி பக்கத்துப் புல எண்ணில் இருக்கும். அந்த ஒரு கோட்டைச் சரியாகப் போட்டுக்காட்டினால், எல்லோரையும் 25 கிலோமீட்டர் தள்ளி அனுப்புவதா, இரண்டு வரிசைக்கு மட்டும் அருகிலேயே மாற்று இடம் தேடுவதா என்று கேள்வி மாறிவிடுகிறது. இதற்கு நாலு நாள் வேலை. தாலுகா அலுவலகத்தில் சர்வேயரோடு பொறுமையாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊர்க் கோடியில் இருக்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்குப் போன குடும்பங்கள் எத்தனை என்று யோசித்தால், அந்த நாலு நாளின் அருமை புரியும்.

எந்த நேரத்தில் போவது

காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? வேலையில்லாத ஆண்கள், கட்சிக்காரர்கள், வயதானவர்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். தூய்மைப் பணிக்குப் போகிறவர்கள் அதற்கும் முன்னால். மீனவர் குப்பமாக இருந்தால் விடியலுக்கு முன்னே கடலுக்குப் போனவர் திரும்பி, வலையை உதறி, தூங்கப் போகிற நேரம் அது.

தண்ணீர் வருகிற நேரத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். குழாயடியில் குடம் வரிசையாக இருக்கும், ஆட்கள் காத்திருப்பார்கள், பேச நேரம் இருக்கும். எனக்குத் தெரிந்த நல்ல கூட்டங்கள் பலவும் அப்படித்தான் நடந்தன, யாரும் கூட்டம் என்று சொல்லாமலே. ஒரு தடவை குழாயடியில் நின்றபோது, பொதுக் கழிப்பறையை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. எங்கள் வரைபடத்தில் அது குடியிருப்பின் மூலையில், காலி மனையில் இருந்தது. செலவு குறைவு, நாற்றம் வராது, வண்டி வரும், எல்லாக் காரணமும் எங்களிடம் இருந்தது. ஒரு பள்ளிக்கூடப் பெண் கேட்டாள்: "அந்த முக்குல லைட் இல்லக்கா. ராத்திரி அங்க பசங்க உக்காந்து குடிப்பாங்க. எங்கம்மா கூட வந்தாத்தான் போக முடியும், எங்கம்மா நைட் டூட்டி." கழிப்பறை கோயிலுக்குப் பக்கத்தில், தெருவிளக்குக்குக் கீழே வந்தது. கோயில்காரர்கள் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வைத்தது நாங்கள் இல்லை, அந்தப் பெண்ணின் தாயும் குழாயடியில் நின்ற மற்றவர்களும்தான்.

முதலில் யாரைப் பார்ப்பது என்பதும் முக்கியம். ஊர்த் தலைவரை, குப்பமாக இருந்தால் பஞ்சாயத்தாரை, மரியாதைக்குப் பார்த்துவிட வேண்டும். தாண்டிப் போனால் மனத்தாங்கல் வரும். ஆனால் அவர் சொல்வதோடு நின்றுவிட வேண்டாம். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவர், சத்துணவு ஆயா, இஸ்திரி போடுகிறவர் ஆகிய மூவருக்கும் எல்லா வீடும் தெரியும். வாடகைக்கு இருப்பவர்களையும், ஊர்ப் பஞ்சாயத்தில் பேச இடமில்லாத சாதியினரையும், திருநங்கைகளையும் தனியாகத் தேடிப் போய்ப் பாருங்கள். பொதுக்கூட்டத்தில் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். எல்லோரும் வாங்க என்று அழைத்தாலே எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று எண்ணுவது நம் துறையின் பெரிய தவறு.

கணக்கெடுப்பு: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

மக்களே தங்களைக் கணக்கெடுப்பது என்ற வழியை இந்தியாவில் நிலைநாட்டியவர்களில் ஒருவர் தமிழர். ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, சின்ன வயதிலேயே மும்பைக்குப் போய், அங்கே ஜனதா காலனி குடிசைப் பகுதியில் வாழ்ந்தவர். அந்தக் காலனியை 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் இடித்தார்கள். அவர் தொடங்கிய தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு, பின்னாளில் ஸ்பார்க் என்ற அமைப்போடும் மகிளா மிலன் என்ற பெண்கள் கூட்டமைப்போடும் கைகோத்தது. 2000-இல் அவருக்கு மகசேசே விருது, 2011-இல் பத்மஸ்ரீ. 2018-இல் காலமானார்.

மும்பை பைகுல்லாப் பகுதி நடைபாதையில் வாழ்ந்தவர்களை 1985-இல் ஸ்பார்க் கணக்கெடுத்தது. சுமார் 6,000 குடும்பங்கள். நடைபாதைவாசிகள் வாழ்வாதார உரிமை கேட்டுப் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் அதே வருடம்தான். வாழ்வாதாரம் வாழும் உரிமையின் பகுதி என்று ஏற்றுக்கொண்ட அந்தத் தீர்ப்பு, முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. அதுவரை எந்த அரசுக் கணக்கிலும் இல்லாதவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்ற விவரம் கையில் கிடைத்தபோது அதிகாரிகளோடு பேசும் முறையே மாறியது. நாங்கள் இருக்கிறோம் என்று சொல்வதற்கும், இத்தனை பேர் இருக்கிறோம், இதோ பட்டியல் என்று வைப்பதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

இப்போது எடுக்கும் முறை. முதல் நாள் சாக்பீஸோடு போய் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு எண் போடுங்கள். மக்களில் இரண்டு பேர் கூடவே வர வேண்டும். எண்ணை அவர்கள் எழுதட்டும். கதவை மட்டும் எண்ணினால் போதாது, அடுப்பை எண்ணுங்கள். ஒரே கூரைக்குக் கீழ் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் தனித்தனியாகச் சமைத்தால் அவை இரண்டு குடும்பம். மாடியில் வாடகைக்கு இருப்பவர் ஒரு குடும்பம். கடை மட்டும் வைத்திருப்பவருக்கு வேறு எண். மாற்றுத்திறனாளி இருக்கிறாரா, கர்ப்பிணி இருக்கிறாரா, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், வேலைக்கு எந்த பஸ்ஸில் போகிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் ஆணின் பேரை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். வீட்டு ஒதுக்கீடு அந்தப் பேரைத் தொடர்ந்துதான் போகும்.

பூட்டியிருக்கும் வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கணக்கெடுப்பில் இருந்தேன். காலை பத்து முதல் மாலை நாலு வரை நடந்தது. பூட்டியிருந்த வீடுகளுக்கு நேரே 'ஆள் இல்லை' என்று எழுதினோம். அலுவலகத்தில் அதைத் தட்டச்சு செய்தபோது 'குடியிருப்போர் இல்லை' என்று ஆயிற்று. அடுத்த மேசையில் 'காலி வீடு' ஆகி, பட்டியலிலிருந்தே விழுந்துவிட்டது. அத்தனை வீட்டுக்காரர்களும் வேலைக்குப் போயிருந்தார்கள், பெரும்பாலோர் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிற பெண்கள். மனுக்கொடுத்து, அலைந்து, பலரைத் திரும்பச் சேர்த்தோம். ஒருவரை நான் அந்த வேலையை விட்டு வரும்வரை சேர்க்க முடியவில்லை. அவர் தினமும் என்னைப் பார்த்துக் கேட்டது கோபமாக இல்லை. "நான் வேலைக்குப் போனது தப்பாம்மா?" என்றுதான் கேட்டார். அன்றிலிருந்து, பூட்டிய வீட்டுக்கு மூன்று வேளை போகாமல் நான் எந்தப் பட்டியலிலும் கையெழுத்துப் போட்டதில்லை. காலை ஆறு, இரவு ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை.

எடுத்து முடித்ததும் பட்டியலைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்துக் குடியிருப்புக்குள்ளேயே ஒட்டுங்கள். ரேஷன் கடைச் சுவர், டீக்கடை, கோயில் மண்டபம், மசூதி வாசல், தேவாலயச் சுவர், எல்லா இடத்திலும். குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பேர் விட்டுப்போச்சு, இனிஷியல் தப்பு, மருமக பேரைச் சேர்க்கணும், இவரு இங்க குடியே இல்ல, என்று நாலா பக்கமும் சத்தம் எழும்பும். அந்தச் சத்தம்தான் உங்கள் தரப் பரிசோதனை. அது எழும்பாவிட்டால் பட்டியல் யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

வரைவது: தரையில், அளவு மாறாமல்

ஏ-1 தாளில் வரைந்ததை விரித்துக் காட்டினால் மக்கள் தலையாட்டுவார்கள். மரியாதைக்காக ஆட்டுவார்கள். வரைபடம் வாசிக்கிற பழக்கம் எல்லோருக்கும் இருக்காது. ஆனால் தரையில் கோடு போட்டுக் காட்டினால் ஒவ்வொருவரும் திட்டமிடுபவர் ஆகிவிடுவார்கள்.

மும்பை நடைபாதைப் பெண்கள் எண்பதுகளிலேயே இதைச் செய்தார்கள். துணியாலும் மரச்சட்டத்தாலும் முழு அளவு வீட்டை நிறுத்தி, உள்ளே நடந்து பார்த்தார்கள். கூரை 14 அடி உயரம் இருந்தால் பாதியில் ஒரு பரண் போட்டுப் பிள்ளைகள் படுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்ன யோசனை எந்தக் கட்டடக்கலைப் புத்தகத்திலிருந்தும் வந்ததில்லை.

நமக்கு அதைவிட எளிதான வழி இருக்கிறது. கோலமாவு. அரசு வீட்டுத் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கான வீட்டின் உள்ளளவு 30 சதுர மீட்டர், அதாவது 320 சதுர அடி சொச்சம். தெருவில் டேப் பிடித்து அந்த அளவைக் கோலமாவால் போடுங்கள். கதவு, ஜன்னல், சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் அதனதன் இடத்தில். பிறகு விலகி நில்லுங்கள், நீங்கள் விளக்க வேண்டாம். உள்ளே வந்து அவர்களே குடித்தனம் நடத்திப் பார்ப்பார்கள். ஒருவர் படுத்துப் பார்ப்பார். கதவைத் திறந்தால் கட்டில் இடிக்குதே என்பார் ஒருவர். மாவரைக்கிற கிரைண்டரை எங்கே வைப்பது, இட்லிக் கடை போடுகிறவர் பாத்திரத்தை எங்கே கழுவுவது, ஆட்டோவை எங்கே நிறுத்துவது. வெளியே நடைவழியில் சரிவுப்பாதையையும் போட்டுக்காட்டுங்கள். ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும், அந்த நீளத்துக்கு இடம் விட்டிருக்கிறோமா என்று சக்கர நாற்காலியில் இருப்பவரே சொல்லட்டும்.

அப்படி ஒரு நாள், எல்லோரும் பேசி முடித்த பிறகு ஒரு பாட்டி கோட்டுக்கு வெளியே நின்றபடியே கேட்டார்: "எல்லாம் சரிப்பா. நான் செத்தா எங்க கிடத்துவீங்க? எட்டாவது மாடியில இருந்து எப்படி எறக்குவீங்க, நிக்க வெச்சா?" யாரும் பேசவில்லை. லிஃப்டின் உள்ளளவு எங்கள் வரைபடத்தில் இருந்தது. அதில் ஒருவரைப் படுக்கவைத்து இறக்க முடியாது. பெரும்பாக்கத்தில் தரைத்தளமும் ஏழு மாடியுமாக 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் நிற்கின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அங்கே போயின. அத்தகைய கட்டடங்களை வரையும் எவரும் அந்தப் பாட்டியின் கேள்வியைத் தன் மேசையில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். நாங்கள் கீழ்த்தளத்தில் ஒரு பொதுக்கூடமும், ஸ்ட்ரெச்சர் போகிற அளவில் ஒரு லிஃப்டும் கேட்டு எழுதினோம்.

மாடிதான் ஒரே வழி என்று நம்பிவிடவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பக்கம் நடந்து பாருங்கள். 1977-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அங்கே மனையும் சாலையும் குழாயும் வடிகாலும் கொடுத்தார்கள், வீட்டைக் குடும்பங்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டன. அந்தக் காலத்தில் அதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. இருபது வருடம் கழித்து உலக வங்கி ஆய்வாளர்கள் திரும்பி வந்து பார்த்தபோது, பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் உயிருள்ள பகுதிகளைக் கண்டார்கள். கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேல் மகனுக்கு ஒரு அறை. நம் ஊரிலேயே இருக்கும் பாடசாலை இது.

அலுவலகப் பக்கம்

மக்கள் முடிவு செய்ததைக் கோப்பாக மாற்றத் தெரியாவிட்டால் அது கோலமாகவே காற்றில் போய்விடும். பொறியாளரிடம் மக்கள் விருப்பம் என்று பேசாதீர்கள். எஸ்டிமேட்டில் எந்த வரி மாற வேண்டும் என்று சொல்லுங்கள். கழிப்பறை இடம் மாறினால் குழாய் நீளம் எவ்வளவு கூடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொண்டுபோங்கள். கவுன்சிலரிடம் போகும்போது நாலு பெண்களையும் அழைத்துக்கொண்டு போங்கள், பேச்சை அவர்கள் பேசட்டும். பகுதி சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, நகல் கேளுங்கள். தேதி, கையெழுத்து, முத்திரை. அதிகாரி மாற்றலாகிப் போவார், தீர்மானம் இருக்கும். அரசு அலுவலர்களை எதிரிகளாக நினைத்து உள்ளே போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், சீக்கிரமே களைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் நல்லது செய்ய வாய்ப்புத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு உதவிப் பொறியாளராவது இருக்கிறார். அவர் நியாயம் சொல்லத் தேவையான காகிதத்தை அவர் கையில் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

வேலை எங்கே

அரசுக்குள் போக டி.என்.பி.எஸ்.சி. வழி. நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர், திட்ட உதவியாளர் போன்ற பதவிகளுக்கு அறிவிப்பு வரும்போது தயாராக இருங்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விலும், முன்பு குடிசை மாற்று வாரியமாக இருந்து 2021-இல் பெயர் மாறிய தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திலும் திட்டமிடுபவர்கள் தேவைப்படுகிறார்கள். தனியார் ஆலோசனை நிறுவனங்களில் சம்பளம் பரவாயில்லை, கெடு நெருக்கும். மக்கள் கருத்துக் கேட்பு என்ற அத்தியாயத்தை ஒரே நாளில் முடிக்கச் சொல்வார்கள். தொண்டு நிறுவனங்களில் சம்பளம் குறைவு, கற்பது அதிகம். என் யோசனை: முதல் இரண்டு வருடம் களத்தில் இருக்கிற அமைப்பில் கழியுங்கள். அதன் பிறகு எங்கே போனாலும் அந்த இரண்டு வருடம் கூடவே வரும்.

ஒரு நாள் உங்களிடம் ஒரு வேலை வரும். எல்லாம் முடிவாகியிருக்கும், இடமும் தேதியும் குறித்திருப்பார்கள். மக்களிடம் பேசி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும், அதற்கு நீங்கள்தான் சரி என்பார்கள். அதற்குப் பெயர் பங்கேற்பு இல்லை. அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மக்கள் வேண்டாம் என்று சொன்னால் இந்தத் திட்டத்தில் எது மாறும்? எதுவும் மாறாது என்றால் அந்த வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்குள் இருந்தபடியே இந்த நிலைமை வந்துவிட்டால், குறைந்தபட்சம் மக்களின் மறுப்பை அவர்கள் சொன்ன சொல்லிலேயே குறிப்பில் பதிவு செய்யுங்கள். பொதுவாக வரவேற்றனர் என்று எழுதித் தராதீர்கள். நான் அப்படி எழுத மறுத்ததில் ஒரு ஒப்பந்தம் போயிருக்கிறது. அந்தக் குறிப்பு இன்னும் கோப்பில் இருக்கிறது.

இந்த வாரம் தொடங்க

உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுங்கள். அதன் புல எண்ணைக் கண்டுபிடியுங்கள். 1971 பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டுவிட்டு, அந்த நேரத்துக்குப் போய்க் குடம் தூக்குகிறவரோடு அவர் வீடு வரை நடங்கள். எத்தனை படி, எங்கே சாக்கடையைத் தாண்டுகிறார், எங்கே நின்று மூச்சு வாங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நடந்த வழியை வீட்டுக்கு வந்து வரையுங்கள். மறுநாள் அதை அவரிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். திருத்தியதை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் அதை எங்கே வைப்பார் என்று உங்களுக்கே தெரியும்.